பார்த்தாலே தெரியுமா? தோல் நோயைக் கண்டறிவதில் கண்ணும் மனமும் தவறும் இடங்கள்

"தோல்தானே, வெளியே தெரிகிற உறுப்பு, பார்த்தாலே என்ன நோய் என்று சொல்லிவிடலாம்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. வயிற்று வலிக்கு ஸ்கேன் எடுக்கத் தயங்காதவர்கள்கூட, தொடையில் வந்த தடிப்பைக் கைப்பேசியில் படமெடுத்துத் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் காட்டி, ஒரு டியூப் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதே படத்தைப் போட்டால், பத்து நிமிடத்தில் ஐந்து பேர் ஐந்து நோய்ப் பெயர்களைச் சொல்வார்கள். அந்த ஐந்தில் எது சரி என்று கேட்பதற்கு முன், ஒரே படத்தில் ஐவருக்கும் ஏன் ஐந்து நோய்கள் தெரிந்தன என்று கேட்பது நல்லது.

நோய் தவறாகக் கணிக்கப்பட்டது என்றதும், மருத்துவருக்குத் தெரியவில்லை அல்லது அவர் சரியாகப் பார்க்கவில்லை என்ற இரண்டு காரணங்கள்தாம் நமக்குத் தோன்றுகின்றன. நன்றாகப் படித்து, அக்கறையோடு பார்ப்பவரும் தவறும் இடங்கள் உண்டு என்பதும், அவை மனிதக் கண்ணும் மூளையும் வேலை செய்யும் முறையிலேயே அமைந்திருக்கின்றன என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. அந்த இடங்களைப் புதியவர்களுக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புடவைக் கடை வாசலில்

தியாகராய நகரில் புடவை எடுக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். கடைக்குள் எத்தனை விளக்குகள் எரிந்தாலும், பிடித்த புடவையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வெளிச்சத்துல ஒரு தடவை பார்த்துட்டு வரேன்" என்று வாசலுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். உள்ளே அரக்காகத் தெரிந்தது வாசலில் கத்திரிப்பூ நிறமாக இருக்கும். நிறம் துணியில் மட்டும் இல்லை, அதன்மேல் விழும் ஒளியிலும் பக்கத்தில் கிடக்கும் துணியின் நிறத்திலும் இருக்கிறது என்பதை அவர்கள் அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள்.

மூளை நிறத்தை அப்படியே அளப்பதில்லை. சுற்றியிருப்பதோடு ஒப்பிட்டு ஊகிக்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த எட்வர்ட் ஆடல்சன் 1995இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அந்தப் பலகையில் நிழலுக்குள் இருக்கும் ஒரு கட்டமும் நிழலுக்கு வெளியே இருக்கும் ஒரு கட்டமும் ஒரே அளவு சாம்பல் நிறம் கொண்டவை. ஆனால் ஒன்று வெளிறியும் மற்றது கறுத்தும்தான் நம் கண்ணுக்குத் தெரியும். இரண்டும் ஒன்று என்று அறிந்த பிறகும் கண் அதை ஒப்புக்கொள்வதில்லை. இப்படிப் புலன் வழியாகவே நுழையும் தவறைப் புலனறிவுப் பிழை என்கிறோம்.

தோலுக்கு இது மிகவும் பொருந்தும். அழற்சி ஏற்பட்ட இடத்தில் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து சிவப்பு தோன்றுகிறது. வெள்ளைத் தோலில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியும். நம்மைப் போன்ற மாநிற, கரிய தோலில், மெலனின் என்னும் நிறமி நிரம்பிய மேற்படலத்தின் ஊடாக அதைப் பார்க்க வேண்டியிருப்பதால், அதே சிவப்பு ஊதாவாகவோ பழுப்பாகவோ சாம்பலாகவோதான் தெரியும். "சிவந்திருக்கிறதா?" என்று மட்டும் தேடும் கண், இருக்கும் அழற்சியை இல்லை என்று முடிவு செய்துவிடும். தோல் மருத்துவப் பாடநூல்களின் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலைக் காட்டியே வந்திருக்கின்றன. இந்தக் குறையை நிரப்ப, இலண்டனில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மலோன் முக்வெண்டே என்ற மாணவர், தம் ஆசிரியர்களோடு சேர்ந்து, கரிய, பழுப்புத் தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் கையேடு ஒன்றை 2020இல் வெளியிட்டார். சென்னையில் வேலை செய்யும் தோல் மருத்துவருக்குத் தினமும் பார்க்கும் தோலே பாடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இணையத்தில் படம் தேடி ஒப்பிட்டுப் பார்க்கும் நமக்கு அந்தப் பயிற்சி இல்லை. நம் தோலில் இருப்பதும் திரையில் இருப்பதும் வேறு வேறு நிறமாகத் தெரிவதால், "இது அது இல்லை" என்று நிம்மதி அடைந்துவிடுகிறோம்.

கைப்பேசிப் படம் இந்தச் சிக்கலைக் கூட்டுகிறது. கேமரா வெள்ளை நிறத்தைத் தானாகச் சரிசெய்கிறது. அழகூட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் தோலின் சொரசொரப்பை வழித்துவிடுகிறது. குளியலறையின் மஞ்சள் பல்பு எல்லாவற்றின்மேலும் தன் சாயலை ஏற்றுகிறது. தடிப்பாக இருக்கிறதா, சூடாக இருக்கிறதா, அழுத்தினால் நிறம் வெளிறுகிறதா என்று விரலால் அறிய வேண்டியவை படத்தில் வருவதே இல்லை.

பெருவிரல் நகத்தளவு பார்வை

கையை முழுவதும் நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலத்தைப்போல் ஏறத்தாழ ஒரு மடங்கோ இரு மடங்கோ உள்ள பரப்பை மட்டுமே நம் கண் ஒரு நேரத்தில் துல்லியமாகப் பார்க்கிறது. மற்றவை மங்கல்தான். கண் விரைந்து அங்குமிங்கும் தாவுவதாலும், இடைவெளிகளை மூளை நிரப்பிக்கொள்வதாலும், எல்லாவற்றையும் தெளிவாகப் பார்ப்பதாக நாம் உணர்கிறோம்.

கண் நேராக அந்த இடத்தில் பதிந்தாலும்கூட, மனம் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தால் எதிரில் இருப்பது தெரியாமல் போகலாம். இதைப் பார்த்தும் காணாமை என்று சொல்லலாம். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. ஸ்கேன் படங்களைக் கொடுத்து, சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். அந்தப் படங்களில், வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரிய ஒரு கொரில்லா உருவத்தை ஆய்வாளர்கள் செருகியிருந்தார்கள். 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவுப் பதிவைப் பார்த்தபோது, காணாதவர்களில் பெரும்பாலோரின் பார்வை அந்த உருவத்தின்மேல் நேராகவே விழுந்திருந்தது தெரிந்தது. படித்தவர்கள், தேர்ந்தவர்கள், கவனமாகத் தேடியவர்கள். ஆனால் அவர்கள் தேடியது கொரில்லாவை அல்ல.

இதோடு தொடர்புடையது தேடல் நிறைவு. அரிசியில் கல் பொறுக்கும்போது, ஒரு பெரிய கல் அகப்பட்டதும் "அகப்பட்டுவிட்டது" என்று முறத்தைக் கீழே வைக்கும் மனநிலைதான் இது. அரிப்பு என்று வந்தவரின் முன்கையில், எக்ஸிமா எனப்படும் கரப்பான் நோய் போன்ற ஒரு திட்டு தெரிந்ததும் பார்வை அங்கேயே நின்றுவிடுகிறது. விரலிடுக்குகளையும் தொப்புளைச் சுற்றியும் பார்த்திருந்தால், அரை மில்லிமீட்டருக்கும் சிறிய பூச்சியால் வரும் சொறி சிரங்கின் தடயங்கள் அங்கே இருந்திருக்கும். "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, இரவில் அதிகமாகிறதா?" என்ற இரண்டு கேள்விகள் இந்த நோயில் கண்ணைவிட அதிகம் சொல்லும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஒளியும் சூழலும் நிறத்தை மாற்றிக் காட்டுகின்றன, கண் ஒரு சிறு பரப்பையே துல்லியமாகப் பார்க்கிறது, தேடாதது எதிரிலேயே இருந்தும் தெரியாமல் போகிறது. இவை பார்வையின் பிழைகள். இனி வருபவை, பார்த்ததற்குப் பெயர் வைக்கும் கட்டத்தில் நேர்பவை.

29சி வருகிறது என்று ஏறிய பேருந்து

நிறுத்தத்தில் அரை மணி நேரமாக 29சி பேருந்துக்காகக் காத்திருக்கிறீர்கள். தூரத்தில் ஒரு பேருந்தின் பலகையில் 29 என்று தெரிகிறது. மீதியை மனமே எழுதிக்கொள்கிறது. ஏறி அமர்ந்து, பயணச்சீட்டு கேட்கும்போதுதான் அது வேறு தடம் என்று தெரிகிறது.

தோல் மருத்துவரின் முதல் கணிப்பும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பதில்லை. முன்பு பார்த்த நூற்றுக்கணக்கான நோயாளிகளின் சாயலோடு ஒப்பிட்டு, நொடியில் பெயர் வந்துவிடுகிறது. இதைச் சாயலறிதல் என்போம். இதை இழிவாக எண்ணக் கூடாது. அனுபவம் மிக்கவரின் உடனடிக் கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. காலை வேளையில் அரசு மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவின் வரிசை எவ்வளவு நீளும் என்று பார்த்தவர்களுக்கு, இந்தத் திறன் இல்லாமல் அந்த வரிசை நகரவே முடியாது என்பது தெரியும். ஆனால் சாயல் என்பது சாயல் மட்டுமே.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லீ புரூக்ஸ், ஜெஃப்ரி நார்மன், ஸ்காட் ஆலன் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தோல் நோய்ப் படங்களைக் கொண்டே இதைச் சோதித்தது. சற்றுமுன் பார்த்த ஒரு படத்தோடு தோற்றத்தில் ஒத்திருந்தால், புதிய படத்தின் கணிப்பு அந்தப் பழைய படத்தின் பக்கம் சாய்ந்தது. அதே குழுவினரின் பத்தாண்டுக்குப் பிந்தைய மற்றோர் ஆய்வு இன்னும் ஒரு படி உள்ளே சென்றது. ஒரு நோய்ப் பெயரை முன்கூட்டியே காதில் போட்டுவிட்டால், அந்த நோய்க்குரிய குறிகளே படத்தில் அதிகமாகத் தெரியத் தொடங்கின. பெயர் மாறினால் முடிவு மட்டும் மாறுவதில்லை, கண் காண்பதே மாறிவிடுகிறது என்பதுதான் இதில் என்னை மிகவும் உலுக்கிய செய்தி.

நம் ஊரில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வளையம். வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்த திட்டைக் கண்டால் எல்லோரும் படர்தாமரை என்போம். படர்தாமரை இங்கே மிகவும் பரவலான பூஞ்சை நோய் என்பதால், பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் நாணய வடிவக் கரப்பானும் வட்டமாகத்தான் வரும். பிட்டிரியாசிஸ் ரோசியா என்ற, தானாகவே சில வாரங்களில் மறையும் நோயும் முதலில் ஒற்றைத் திட்டாகத் தொடங்கி, பிறகே உடம்பெங்கும் சிறு திட்டுகளாகப் பரவும். காளாஞ்சகப்படை என்னும் சொரியாசிஸும், தொழுநோயின் சில வகைகளும் வளையமாகத் தோன்றலாம்.

முதல் பெயர் ஒட்டிக்கொள்ளும்போது

1974இல் அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரு உளவியலாளர்கள், ஐயமான சூழலில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார்கள். மனம் முழுக் கணக்கையும் போடாமல் சில குறுக்குவழிகளில் செல்கிறது என்றும், அவை பெரும்பாலும் உதவினாலும் ஒரே திசையில் திரும்பத் திரும்பத் தவறச் செய்கின்றன என்றும் அவர்கள் காட்டினார்கள். இவ்வகைத் தவறே சிந்தனைப் பிழை எனப்படுகிறது.

அவற்றில் ஒன்று ஆங்கரிங், அதாவது நங்கூரமிடல்: முதலில் கிடைத்த தகவலில் எண்ணம் ஊன்றி நின்றுவிடுவது. அதன் பின்னால் வருவது உறுதிப்படுத்தல் சார்பு: நம் எண்ணத்துக்கு ஒத்துவரும் சான்றுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஒவ்வாதவற்றை ஒதுக்கிவிடுவது. இரண்டும் சேர்ந்தால் மூன்றாவது பிறக்கிறது. வேறு வாய்ப்புகளை எண்ணிப் பார்க்கும் முன்பே வழக்கை முடித்துவைப்பது.

இசைக்கலைஞர் பாப் மார்லியின் கதை இதற்காகவே அடிக்கடி நினைவுகூரப்படுகிறது. அவருடைய கால்விரல் நகத்தடியில் ஏற்பட்ட மாற்றம், கால்பந்தாட்டத்தில் பட்ட காயம் என்று கருதப்பட்டது. அவர் கால்பந்து விளையாடுபவர். காலில் அடிபடுவது இயல்பு. எனவே விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. அது மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் என்று 1977இல் தெரியவந்தது. 1981இல், 36 வயதில் அவர் மறைந்தார். கரிய தோல் கொண்டவர்களுக்கு இந்தப் புற்றுநோய் அரிது என்றாலும், வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் வருகிறது. வெயிலில் படும் இடங்களை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இவை தப்பிவிடும். அடிபட்ட நினைவே இல்லாமல் நகத்தில் தோன்றி அகலமாகிக்கொண்டே போகும் கறுப்புக் கோட்டைக் காட்டாமல் விடக் கூடாது.

குணமாவதுபோல் காட்டும் களிம்பு

புரசைவாக்கத்தில் இருக்கும் என் அத்தைக்கு, பாவாடை நாடா கட்டும் இடத்தில் அரிப்பு தொடங்கியது. சித்திரை மாதப் புழுக்கம். நாடா இறுக்கத்தால் வந்த அலர்ஜி என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். அத்தை பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப் வாங்கித் தடவினார். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பு மங்கியது. "பார்த்தியா, அலர்ஜிதான்" என்றார். நிறுத்திய ஒரு வாரத்தில் திரும்ப வந்தது. மறுபடியும் அதே டியூப். ஆறு மாதத்தில் அது இடுப்பைச் சுற்றி வந்து தொடைக்கும் இறங்கிவிட்டது.

நடந்தது என்னவென்று புரிந்துகொள்ள, அந்த டியூபில் இருந்த ஸ்டீராய்டு களிம்பு என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும். அது உடலின் அழற்சியை அடக்குகிறது. சிவப்பையும் அரிப்பையும் குறைக்கிறது. ஆனால் அந்த அழற்சி, உள்ளே வளரும் பூஞ்சைக்கு எதிராக உடல் நடத்தும் போராட்டம். போராட்டம் அடங்கியதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. படர்தாமரையை அடையாளம் காட்டும் தடித்த வளைய ஓரமும் அழிந்துபோகிறது. அடையாளம் மறைந்த இந்தப் படர்தாமரைக்கு மருத்துவர்கள் 1968இலேயே டீனியா இன்காக்னிட்டோ என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். தவறான மருந்து நோயின் முகத்தை மாற்றிக் கண்ணை ஏமாற்றுகிறது. மூன்று நாள் சுகம் தவறான எண்ணத்துக்குச் சான்றாகி மனத்தை ஏமாற்றுகிறது. பார்வைப் பிழையும் சிந்தனைப் பிழையும் ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கும் சுழல் இது. ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் ஆண்டிபயாட்டிக்கையும் கலந்த களிம்புகள் மலிவாகக் கிடைப்பதால் இந்தச் சுழலில் இந்தியா முழுவதும் மக்கள் சிக்கியிருக்கிறார்கள். 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் பல ஸ்டீராய்டு களிம்புகளை, மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தது. சீட்டு கேட்காத கடைகள் இன்னும் இருக்கின்றன.

கடைசியில் தோல் மருத்துவரிடம் அத்தையை அழைத்துச் சென்றேன். இளம் பெண் மருத்துவர். பார்த்துவிட்டுப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

"அம்மா, இதுவரைக்கும் என்னென்ன தடவினீங்க? டியூப் எடுத்துட்டு வந்திருக்கீங்களா?"

"தீர்ந்துபோச்சு டாக்டர். நல்லாத்தான் கேட்டுச்சு, நிறுத்தினாத்தான் வருது."

"சரி, லேசா சுரண்டிப் பார்த்துடலாம். வலிக்காது."

மழுங்கிய கத்தியால் ஓரத்துச் செதில்களைக் கண்ணாடித் தகட்டில் சுரண்டி எடுத்து, ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார்கள். அது தோல் செல்களைக் கரைத்துவிடும். பூஞ்சை இழைகள் மட்டும் மிஞ்சும். சிறிது நேரத்தில் நுண்ணோக்கியில், கிளைத்துக் கிளைத்து ஓடும் மெல்லிய இழைகளை மருத்துவர் என்னையும் பார்க்கச் சொன்னார். ஆறு மாதமாக நாங்கள் அனைவரும் அலர்ஜி என்று சொல்லிக்கொண்டிருந்தது அங்கே நூல் நூலாகக் கிடந்தது.

ஒரு சொல் செய்யும் கேடு

சிந்தனைப் பிழை மொழிக்குள்ளும் குடியிருக்கும். வெண்புள்ளி நோயை நம் பெரியவர்கள் வெண்குஷ்டம் என்று அழைத்தார்கள். அது தொற்றுவதில்லை, உடலின் எதிர்ப்பாற்றலே நிறமிச் செல்களைத் தாக்குவதால் வருகிறது, தொழுநோயோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஆனால் பெயரில் ஒட்டியிருந்த குஷ்டம் என்ற சொல், எத்தனையோ பெண்களின் திருமணத்தைத் தடுத்து, எத்தனையோ பேரை முழுக்கைச் சட்டைக்குள் ஒளியவைத்தது.

எதிர்த்திசையிலும் இதே அச்சம் வேலை செய்கிறது. குழந்தையின் கையில் நிறம் மங்கிய திட்டைப் பார்த்ததும், "தேமல்தான், தானாகப் போய்விடும்" என்று சொல்லவே வீடு விரும்புகிறது. பெரும்பாலும் அது தேமலாகவே இருக்கும். ஆனால் தொழுநோயின் தொடக்கத் திட்டும் அப்படித்தான் மங்கியிருக்கும். வெண்புள்ளியைப்போல் பால்வெள்ளையாக வெளுக்காது. கண்ணால் பிரிக்க முடியாத இந்த இடத்தில், பஞ்சு நுனியால் வருடி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனை பேருதவி செய்கிறது. முகத்துத் திட்டில் உணர்ச்சி குறையாமலும் இருக்கலாம் என்பதால், இதை வீட்டிலேயே செய்து முடிவுகட்டாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை. தொழுநோய்க்கான கூட்டு மருந்து அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்; நரம்பு கெடுவதற்கு முன் தொடங்கினால் ஊனமின்றிக் குணமாகும். உண்மையான பெயரைக் கேட்கப் பயந்து கழித்த மாதங்களில்தான் நரம்பு கெடுகிறது.

சுருக்கமாக: முதலில் வந்த பெயரும், அன்றாடம் பார்க்கும் நோயும், நாம் விரும்பும் அல்லது அஞ்சும் சொல்லும் முடிவைத் தம் பக்கம் இழுக்கின்றன. மருந்தின் தற்காலிகப் பலன் அந்த முடிவைச் சரியென்று காட்டிவிடுகிறது.

மருத்துவர்கள் என்ன செய்கிறார்கள், நாம் என்ன செய்யலாம்

நல்ல மருத்துவர் தம் முதல் எண்ணத்தை அடக்குவதில்லை, அதன்பின் சற்று நின்று, "இது வேறு என்னவாக இருக்கலாம்? எது பொருந்தவில்லை?" என்று கேட்டுக்கொள்கிறார். ஐயம் இருந்தால் தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மாஸ்கோப், புறஊதா ஒளி பாய்ச்சும் உட்ஸ் விளக்கு, துளித் தோலை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி என்று ஒவ்வொன்றாகக் கைக்கொள்கிறார். பிழைகளின் பெயர்களைத் தெரிந்துகொள்வதால் மட்டும் அவை குறைந்துவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நோய்களைப் பற்றிய அறிவு ஆழமாவதே பெரிய காப்பு என்பவர்கள் பக்கம்தான் நான் சாய்கிறேன்.

நம் பங்கும் சிறியதல்ல. களிம்பு தடவும் முன்பே, பகல் வெளிச்சத்தில், எந்த இடம் என்று தெரிய எட்ட நின்று ஒரு படமும், கிட்டத்தில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். மருத்துவரிடம் போகும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, எங்கே, எப்படி மாறியது என்று நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள். தடவிய டியூப்கள் காலியானவையாக இருந்தாலும் கொண்டுபோங்கள். மறைவான இடம் என்று கூச்சப்பட்டு ஒரு திட்டை மட்டும் காட்டாதீர்கள்.

இன்னொன்று, பலரும் எண்ணாதது. குணமாகாத நோயாளி பொதுவாக அடுத்த மருத்துவரிடம் போய்விடுகிறார். முதல் மருத்துவருக்குத் தம் கணிப்பு தவறு என்று தெரிவதே இல்லை. திரும்பி வராதவர் குணமாகிவிட்டார் என்றே அவர் மனம் கணக்கு வைக்கிறது. அடுத்து வருபவரிடமும் அதே தவறு தொடர்கிறது. எனவே "இரண்டு வாரம் கழித்து வாங்க" என்றால், குணமானாலும் ஆகாவிட்டாலும் போய்க் காட்டுவது நல்லது.

அத்தை பூஞ்சை மருந்தை மாதக்கணக்கில் விடாமல் எடுத்து முழுவதும் தேறிய பிறகு, அந்த மெடிக்கல் ஷாப்புக்குப் போய், அது படர்தாமரை என்று அங்கிருந்த பையனிடம் சொன்னார். அவன் உண்மையாகவே திகைத்துப்போனான்.

"நல்லா கேட்குதுன்னுதானேம்மா நீங்க திரும்பத் திரும்ப வந்து அதையே வாங்கினீங்க?"